நிறமியின் குணம் அறிதல்: ஸ்கெட்ச்புக்கில் வாட்டர்கலர் பழகும் முறை

அல்ட்ராமரீன் நீலத்தையும் தாலோ நீலத்தையும் டியூபிலிருந்து பிதுக்கி அருகருகே வைத்தால், பழகாத கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டும் கருநீலம். ஈரத் தாளில் ஆளுக்கொரு சொட்டு வைத்துப் பாருங்கள். தாலோ நாலாபக்கமும் பாய்ந்து ஓடும். காய்ந்த பிறகு எவ்வளவு தேய்த்தாலும் தாளை விட்டு முழுதாகப் போகாது. அல்ட்ராமரீன் நிதானமாக நகர்ந்து, தாளின் குழிகளில் மணல்மணலாகத் தங்கும். ஈரப் பிரஷ்ஷால் நீவினால் நல்ல பங்கு எழுந்து வந்துவிடும். நீலமாகத் தெரிகிற இரண்டு வேறு வேறு பொருள்கள் இவை, அவ்வளவுதான்.

எண்ணெய் வண்ணத்தில் இந்த வேறுபாடு பாதி மறைந்துவிடும், ஏனென்றால் காய்ந்த எண்ணெய் நிறமியைத் தன்னுள் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாட்டர்கலரில் பிடித்து வைப்பது கொஞ்சம் அரபிக் பிசின் மட்டுமே. தண்ணீர் ஆவியான பின் துகள்கள் ஏறக்குறைய வெறுமனே தாளின் மேல் உட்கார்ந்திருக்கும். அதனால் துகளின் அளவு, எடை, தாளோடு ஒட்டும் தன்மை எல்லாம் அப்படியே கண்ணுக்குத் தெரிகின்றன. இதைப் பழக வகுப்பைவிட ஸ்கெட்ச்புக்தான் நல்ல இடம் என்பது என் கருத்து. ஒரே தாளில், ஒரே கையால், ஒவ்வொரு நிறமியையும் அதே கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்துகொண்டே போகலாம்.

படி 1: டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் இருப்பது விற்பனைப் பெயர். 'ஸாப் கிரீன்', 'பெய்ன்ஸ் கிரே' போன்ற பெயர்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இவை பெரும்பாலும் இரண்டு மூன்று நிறமிகளின் கலவை. உண்மையான அடையாளம் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் குறியீடு. பிபி29 என்றால் அல்ட்ராமரீன், பிபி15 என்றால் தாலோ நீலம், பிஆர்108 என்றால் காட்மியம் சிவப்பு, பிவி19 என்றால் குவினாக்ரிடோன் ரோஸ். முதல் எழுத்தான 'பி' (P) நிறமி என்பதைக் குறிக்கும். அடுத்து வருவது நிறக் குடும்பம்: பி (B) நீலம், ஆர் (R) சிவப்பு, ஒய் (Y) மஞ்சள், ஓ (O) ஆரஞ்சு, ஜி (G) பச்சை, வி (V) ஊதா, பிஆர் (Br) பழுப்பு. 1925-இல் முதல் பதிப்பு கண்ட 'கலர் இண்டெக்ஸ்' என்ற பட்டியலின் வழிவந்த முறை இது. உலகம் முழுக்க வண்ணம் தயாரிப்பவர்கள் இதையே பின்பற்றுகிறார்கள்.

ஒரு உதாரணம். 'பர்ன்ட் சியன்னா' என்று இரண்டு நிறுவனங்களின் டியூப்களை வாங்குகிறீர்கள். ஒன்றில் பிபிஆர்7 (PBr7) இருக்கலாம், அதாவது சுட்ட இயற்கை மண். இன்னொன்றில் பிஆர்101 (PR101), அதாவது செயற்கை இரும்பு ஆக்சைடு. முதலாவது பெரும்பாலும் அடக்கமாக, கொஞ்சம் மணல்படிந்து காயும். இரண்டாவது சிவப்புத் தூக்கலாக இருக்கும். கலவையில் கை ஓங்கும். ஒரு பயிற்சியைப் பார்த்துச் செய்துவிட்டு 'எனக்கு மட்டும் ஏன் அந்த மாதிரி வரவில்லை' என்று குழம்புகிறவர்களின் சிக்கல் பல சமயம் இந்த ஒரு வரியில் இருக்கும்.

பெயரின் முடிவில் 'ஹியூ' என்று இருந்தால், அசல் நிறமிக்குப் பதிலாக வேறொன்றை வைத்து அதே நிறத்தை எட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அது மட்டம் என்று சொல்லமாட்டேன். ஆனால் செருலியன் (ஒரு வான்நீல நிறமி) ஹியூ என்ற பெயரில் தாலோவும் வெள்ளையும் கலந்திருந்தால், அசல் செருலியனின் மணல்படிவு அதில் வராது. பயிற்சிக்கு ஒற்றை நிறமி உள்ள டியூப்களையே எடுங்கள். கலவையில் எந்தக் குணம் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது.

படி 2: தாளையும் பிரஷ்ஷையும் மாற்றாதீர்கள்

நிறமியின் குணம் என்று நாம் சொல்வதில் பாதி தாளின் குணம். பருத்தித் தாள் ஈரத்தை நெடுநேரம் வைத்திருக்கும். மரக்கூழ்த் தாளில் வண்ணம் மேற்பரப்பிலேயே நிற்கும், சீக்கிரம் காயும், துடைத்தெடுக்கவும் சுலபம். ஒரே அல்ட்ராமரீன் சொரசொரப்பான தாளில் குழி குழியாகப் படியும், வழுவழுப்பான தாளில் சாதுவாகக் கிடக்கும். ஆகவே ஒரு ஸ்கெட்ச்புக்கை எடுத்தால் அது முடியும்வரை அதிலேயே செய்யுங்கள். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), நடுத்தரச் சொரசொரப்பு நல்ல தேர்வு. 150 ஜிஎஸ்எம் தாளில் செய்யவே முடியாது என்றில்லை. ஆனால் ஈரம் பட்டதும் அலை அலையாக எழும்பி, பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். அங்கே தெரிவது நிறமியின் வேலையா, பள்ளத்தின் வேலையா என்று சொல்ல முடியாமல் போகும்.

எட்டாம் எண் வட்டப் பிரஷ் ஒன்று, இரண்டு டப்பா தண்ணீர் (ஒன்று கழுவ, ஒன்று கலக்க), நீரில் கரையாத கறுப்பு மார்க்கர், மாஸ்கிங் டேப், பழைய பருத்தித் துணி. போதும்.

தொடங்க ஆறு நிறமிகள் எடுத்துக்கொள்ளலாம். குணத்தில் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும்படி தேர்ந்தெடுங்கள்: அல்ட்ராமரீன், தாலோ நீலம், குவினாக்ரிடோன் ரோஸ், காட்மியம் சிவப்பு, ஹன்ஸா மஞ்சள், பர்ன்ட் சியன்னா. காட்மியம், கோபால்ட் போன்ற உலோக நிறமிகளோடு வேலை செய்யும்போது பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூர்மையாக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

படி 3: ஒரு நிறமிக்கு ஒரு விரிப்பு

திறந்த இரண்டு பக்கமும் ஒரே நிறமிக்கு. பலரும் செய்வதுபோல ஒரு பக்கத்தில் முப்பது சதுரம் வரைந்து முப்பது நிறத்தை நிரப்பினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதிலிருந்து தெரிந்துகொள்வது நிறம் மட்டும்தான், அது டியூப் மேலேயே அச்சிட்டிருக்கிறது.

முதலில் பக்கத்தின் மேற்புறம் மார்க்கரால் ஒரு கறுப்புக் கோடு இழுத்துக் காயவிடுங்கள். அதன் மேல் வண்ணத்தைக் கெட்டியாகப் பூசுங்கள். காய்ந்த பின் கோட்டின் மேல் படலம் படிந்திருந்தால் ஒளிபுகா நிறமி. கோடு முன்புபோலவே கறுப்பாக இருந்தால் ஒளி புகும். காட்மியம் சிவப்பு கோட்டின் மேல் திரைபோல உட்காரும். குவினாக்ரிடோன் ரோஸ் அங்கே இருக்கிறதா என்றே தெரியாது. மேல்பூச்சு வேலைக்கு எதை நம்பலாம் என்பது இந்த ஒரு கோட்டில் தெரிந்துவிடும்.

அடுத்தது அடர்த்திப் பட்டை. இடப்பக்கம் டியூபிலிருந்து வந்த கெட்டியிலேயே தொடங்கி, பிரஷ்ஷில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து, வலப்பக்கம் வெறும் சாயல் மட்டும் மிஞ்சும்வரை இழுத்துச் செல்லுங்கள். ஈரமாக இருக்கும்போது ஒரு முறை பாருங்கள், காய்ந்தபின் ஒரு முறை பாருங்கள். வாட்டர்கலர் காய்ந்தால் வெளிறும். எல்லா நிறமியும் ஒரே அளவு வெளிறாது. பெய்ன்ஸ் கிரே போன்ற கருநிறங்களில் இது நன்றாகவே தெரியும். பட்டைக்குக் கீழே 'ஈரத்தில் இவ்வளவு, காய்ந்தால் இவ்வளவு' என்று ஒரு வரி எழுதிவைத்தால், பின்னால் படம் போடும்போது எவ்வளவு அடர்த்தியாகத் தொடங்குவது என்ற தயக்கம் போய்விடும். அல்ட்ராமரீன் கெட்டியில் ஊதாச் சாயலும், நன்றாக நீர்த்தபின் கொஞ்சம் வேறு சாயலும் காட்டும் என்பதுபோல நிறமே இடம் மாறுவதையும் இங்கே கவனிக்கலாம்.

படி 4: ஈரத்தில் விடுதல்

இந்தப் பயிற்சிக்கு அவசரமே கூடாது.

உள்ளங்கை அளவு வட்டத்தைச் சுத்தமான தண்ணீரால் நனையுங்கள். தாள் பளபளவென்று இருக்கும்போது நடுவில் ஒரு பிரஷ் வண்ணம் தொட்டு வையுங்கள். தாலோ வெடித்துச் சிதறுவதுபோல விளிம்புவரை ஓடும், குவினாக்ரிடோன் அதற்கு அடுத்தபடி. காட்மியம் வைத்த இடத்தை விட்டு நகர யோசிக்கும். துகள் நுண்மையாக இருந்தால் நீரோடு எளிதாகப் போகும், பெரிதாகவும் கனமாகவும் இருந்தால் தங்கிவிடும் என்பது பொதுவான காரணம். தயாரிப்பாளர் சேர்க்கும் பொருள்களும் இதில் கைவைக்கும். அதனால் ஒரே குறியீடுள்ள இரண்டு டியூப்கள்கூட அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல நடந்துகொள்ளாது.

அதே வட்டத்தை இன்னும் மூன்று முறை, ஆனால் ஈரத்தின் வேறு வேறு கட்டங்களில் செய்யுங்கள். தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் கட்டங்கள் தெளிவாகத் தெரியும். முதலில் கண்ணாடிபோல் மின்னும். பிறகு மினுக்கம் குறைந்து, தாளின் சொரசொரப்பு மெல்லத் தலைகாட்டும். அப்புறம் மினுக்கமே இருக்காது. ஆனால் புறங்கையை மெதுவாக வைத்தால் ஜில்லென்று இருக்கும், உள்ளே இன்னும் ஈரம். கடைசியில் அந்தக் குளிர்ச்சியும் போய்விடும், அதுதான் உண்மையில் காய்ந்த நிலை.

இரண்டாவது கட்டத்தில் கெட்டி வண்ணம் வைத்தால் விளிம்பு மென்மையாக, ஆனால் கட்டுக்குள் இருக்கும். தொலைதூர மரங்களுக்கும் மேகத்தின் அடிவயிற்றுக்கும் வேண்டியது அதுதான். மூன்றாவது கட்டத்தில் ஏற்கெனவே பூசிய வண்ணத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டிலிருக்கும் நீர் சுற்றிலும் காய்ந்துகொண்டிருக்கும் பகுதிக்குள் ஊர்ந்து போகும்; இன்னும் ஒட்டாத துகள்களை முன்னால் தள்ளிக்கொண்டே போய், ஈரம் தீர்ந்த இடத்தில் நெளிநெளியாக ஒரு கரையாக விட்டுவிடும். ஆங்கிலத்தில் பேசுகிற ஓவியர்களும் நம்மவர்களும் இதைக் காலிஃப்ளவர் என்பார்கள். வானத்தை வழவழவென்று பூசிவிட்டு 'இங்கே கொஞ்சம் சரிபண்ணலாம்' என்று கை வைக்கும்போது வருவது இதுதான். நிறமியைக் குறை சொல்லி பயனில்லை, பூசியதைவிட அதிக ஈரமான பிரஷ் உள்ளே போயிருக்கிறது.

காய்ந்த தாளில் போட்ட பட்டைக்கு ஓரத்தில் மட்டும் கருமையான கோடு வருவதற்கும் இதற்கும் உறவு உண்டு. மேசையில் சிந்திய காபி காயும்போது ஓரத்தில் வளையம் விழுவதைப் போன்ற நிகழ்வுதான் அது. 1997-இல் சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இதற்கு விளக்கம் தந்தார்கள்: துளியின் ஓரம் நகராமல் பிடிபட்டிருக்கும்போது, அங்கே ஆவியாகும் நீரை ஈடுகட்ட உள்ளிருந்து நீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது, துகள்களையும் இழுத்துச் செல்கிறது. அந்தக் கோடு வேண்டாமென்றால் ஓரத்தில் தேங்கும் மணியைப் பிழிந்த பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வேண்டுமென்றால் தண்ணீரைத் தாராளமாக விட்டு, தாளைக் கிடைமட்டமாக வைத்துத் தொடாமல் காயவிடுங்கள்.

படி 5: மணல்படிவும் துடைத்தெடுப்பும்

மணல்படிவைப் பார்க்கத் தண்ணீர் அதிகம் வேண்டும். நீர்த்த வண்ணத்தைக் குளம்போலத் தேக்கி, ஸ்கெட்ச்புக்கை இப்படியும் அப்படியும் மெல்லச் சாய்த்து, துகள்கள் குழிகளைத் தேடி இறங்க நேரம் கொடுங்கள். அல்ட்ராமரீன், செருலியன், கோபால்ட் நீலம், விரிடியன் என்ற பச்சை ஆகியவற்றில் நன்றாகத் தெரியும். துகள் பெரிதாக இருப்பது மட்டும் காரணமில்லை. நீரில் ஒன்றோடொன்று சேர்ந்து திரண்டுகொள்வதாலும் புள்ளி புள்ளியாகப் படிகிறது. இதே வண்ணத்தைக் கெட்டியாக, ஒரே இழுப்பில் பூசினால் படிவு பெரும்பாலும் காணாமல் போகும். சுவர், பாறை, மழைமேகத்துக்கு முதல் முறை. வழுவழுப்பான கன்னத்துக்கும் பீங்கானுக்கும் இரண்டாவது முறை, அல்லது வேறு நிறமி.

துடைத்தெடுப்புச் சோதனைக்கு ஒரு பட்டையைப் பூசி ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். நடுவில் ஒரு கீற்று இடைவெளி விட்டு இருபுறமும் டேப் ஒட்டி, ஈரப் பிரஷ்ஷால் பத்துப் பன்னிரண்டு முறை நீவி, துணியால் ஒற்றியெடுங்கள். கோபால்ட் நீலம் ஏறக்குறைய வெள்ளைத் தாளைக் காட்டும். தாலோவில் நீலக் கறை நிற்கும். கறைபிடிக்கும் நிறமியைப் பலர் குற்றவாளிபோல ஒதுக்கிவைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேல்பூச்சுக்குக் கீழே அசையாத அடித்தளம் வேண்டும் என்றால் தாலோவும் குவினாக்ரிடோனும்தான் கைகொடுக்கும். எளிதில் எழும் நிறமியை அடியில் வைத்து அதன் மேல் ஈரப் பிரஷ் ஓட்டினால் இரண்டும் குழம்பிச் சேறாகும்.

படி 6: இரண்டு நிறமிகள், மூன்று வழிகள்

ஆறு நிறமிக்கும் விரிப்பு முடிந்ததும் ஜோடி சேருங்கள். ஆறிலிருந்து 15 ஜோடி வரும்; எல்லாவற்றையும் செய்யத் தேவையில்லை, நான்கைந்து நல்ல ஜோடிகள் போதும். ஒவ்வொரு ஜோடியையும் மூன்று விதமாகச் செய்யுங்கள்: தட்டிலேயே கலந்து பூசுவது, ஈரத் தாளில் இரண்டையும் தனித்தனியாக விட்டு அவை தாமாகச் சந்திக்க விடுவது, ஒன்று காய்ந்தபின் மற்றொன்றை மேலே பூசுவது.

அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் முதல் ஜோடியாக இருக்கட்டும். நீலமும் ஆரஞ்சுச் சாயலும் ஒன்றையொன்று அடக்கிச் சாம்பல் தரும். நீலம் தூக்கலானால் குளிர்ந்த சாம்பல், பழுப்புத் தூக்கலானால் சூடான சாம்பல், இரண்டும் கெட்டியாக இருந்தால் கறுப்புக்கு மிக அருகில். நீர்த்த கலவையைத் தேங்கவிட்டு, காய்ந்த பிறகு மிக அருகில் வைத்துப் பாருங்கள். தூரத்திலிருந்து சாம்பலாகத் தெரிந்த இடத்தில் குழிக்குள் நீலப் புள்ளிகளும் மேடுகளில் பழுப்புச் சாயலும் பிரிந்து நிற்கும். டியூபில் வருகிற கறுப்பையோ சாம்பலையோ நீர்க்கச் செய்து இந்த உயிரோட்டத்தைக் கொண்டுவர முடியாது.

தாலோ நீலம், ஹன்ஸா மஞ்சள் ஜோடியில் கற்க வேண்டியது வலிமை. சம அளவு எடுத்தால் மஞ்சள் இருந்த சுவடே தெரியாது. எப்போதும் மஞ்சளை முதலில் தட்டில் எடுத்து, தாலோவைப் பிரஷ் நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும். தாலோவுக்குப் பதில் அல்ட்ராமரீனை வைத்து அதே பச்சையை முயன்றால் மங்கலான, இலைக்கு இயல்பான பச்சை வரும். அல்ட்ராமரீனில் உள்ள செந்நீலச் சாயல் பச்சையின் கூர்மையைத் தணித்துவிடுகிறது. இந்த இரண்டு பச்சைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் தனியாகப் பச்சை டியூப் வாங்கும் எண்ணமே பெரும்பாலும் வராது.

குவினாக்ரிடோன் ரோஸும் அல்ட்ராமரீனும் ஈரத்தில் சந்திப்பது தனி அழகு. ரோஸ் முன்னால் ஓடிப்போகும், நீலம் பின்தங்கிக் குழிகளில் படியும். ஊதாவின் விளிம்பில் ஒரு இளஞ்சிவப்பு ஒளிவட்டம் தானாக உருவாகும். அந்திவானத்துக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

படி 7: வெயிலுக்குக் காட்டுங்கள்

தனித்தாளில் எல்லா நிறமியையும் பட்டைகளாகப் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் சில மாதம் ஒட்டிவையுங்கள். தேதியைப் பின்புறம் குறியுங்கள். உங்கள் ஆறு நிறமிகளில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. ஆனால் அலிஸரின் கிரிம்ஸன், அதாவது பிஆர்83, அல்லது ஒளிரும் ரோஸ் நிறம் ஏதாவது கைவசம் இருந்தால் அதையும் சேருங்கள், நீர்த்த பூச்சில் வெளுப்பு நன்றாகத் தெரியும். இந்தக் கவலை பழையது. 1888-இல் ரஸ்ஸல், அப்னி என்ற இரு ஆங்கிலேய விஞ்ஞானிகள் வாட்டர்கலர் மேல் ஒளியின் விளைவு பற்றி அரசாங்கத்துக்கே அறிக்கை தந்தார்கள். பிரஷ்யன் நீலம் மட்டும் விசித்திரம்: ஒளியில் கொஞ்சம் வெளிறி, இருட்டில் வைத்தால் ஓரளவு மீண்டுவிடும். மூடியே கிடக்கும் ஸ்கெட்ச்புக்குக்கு இதெல்லாம் பெரிய சிக்கல் இல்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதானால் சிக்கல்.

படி 8: படத்தில் ஒரே ஒரு கேள்வி

பயிற்சிப் பக்கங்களோடு நின்றுவிட்டால் கை பழகாது. நான்கு விரிப்புக்கு ஒருமுறை சின்னதாக ஒரு படம் போடுங்கள், அதில் இரண்டு நிறமிக்கு மேல் வேண்டாம். ஒரு கூழாங்கல்லை அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் வைத்து மட்டும் வரைந்தால், கேள்வி மணல்படிவு பற்றியது: கல்லின் நிழல்பக்கத்தை நீர்க்கத் தேக்கி, படிவு தானாகக் கல்லின் தோலை வரைகிறதா பாருங்கள். ஒரு இலையைத் தாலோவும் மஞ்சளும் வைத்து வரைந்தால், கேள்வி கலவையின் விகிதம். வரைந்தது நன்றாக வந்ததா என்பதைவிட, கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்பதைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதுங்கள். குறியீடு, நிறுவனம், அன்றைக்கு காற்றில் ஈரப்பதமா வறட்சியா என்பதும் கூடவே இருக்கட்டும். மழைநாளில் கச்சிதமாக வந்த ஈரப்பூச்சு கோடைப் பகலில் பாதியிலேயே காய்ந்துபோகும். குறிப்பு இல்லையென்றால் நாம் கையைத்தான் சந்தேகிப்போம்.

புது டியூப் ஆசை வரும்போது

வரும், தவிர்க்க முடியாது. முதலில் பின்பக்கக் குறியீட்டைப் பாருங்கள். அது ஏற்கெனவே உங்கள் ஸ்கெட்ச்புக்கில் இருந்தால், வேறு பெயரில் அதே சாமானுக்குக் காசு கொடுக்கப் போகிறீர்கள். இரண்டு மூன்று குறியீடு இருந்தால் அந்த நிறமிகளைக் கையிலிருப்பதை வைத்தே கலந்து பார்க்கலாம். ஒற்றைக் குறியீடு, புதியது என்றால் வாங்குங்கள், ஆனால் சின்ன டியூப். சில நிறமிகள் கடையிலிருந்தே காணாமல் போவதும் உண்டு: குவினாக்ரிடோன் கோல்ட் என்று ஓவியர்கள் கொண்டாடிய பிஓ49-ஐ அதிகம் வாங்கியது கார் வண்ணத் தொழில்தான், அங்கே தேவை ஓய்ந்ததும் தயாரிப்பு நின்றது. இப்போது அந்தப் பெயரில் கிடைப்பவை பெரும்பாலும் கலவைகள்.

வாங்கிய டியூபுக்கும் அதே விரிப்புதான்: கறுப்புக் கோடு, அடர்த்திப் பட்டை, நான்கு ஈர வட்டங்கள், குளம், துடைப்பு. தட்டில் காயவைத்துப் பயன்படுத்துகிறவர் என்றால் ஒன்று கூடுதலாகச் செய்யுங்கள். பிதுக்கியதை இரண்டு நாள் காயவிட்டு, ஈரப் பிரஷ்ஷால் தொட்டு எவ்வளவு எளிதில் கரைகிறது என்று குறியுங்கள். விரிடியன் இதில் முரண்டு பிடிக்கும். அதை ஒவ்வொரு முறையும் டியூபிலிருந்து புதிதாகப் பிதுக்கிக்கொள்வதே உத்தமம்.